மூன்று விரல் நுழையாத வாயும் ஆள் சேராத எம்.டி.எஸ். இடமும்

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவே மூன்றும் தாராளமாக அடங்கினால் வாய் சரியாகத் திறக்கிறது. அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு இரண்டு விரலோடு நின்றுபோனவர்கள் வருகிறார்கள். ஒரு விரலுக்கே திணறுகிறவர்களும் வருகிறார்கள். வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். கொத்தனார், லாரி ஓட்டுநர், மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர். தூக்கம் வராமல் இருக்கவும் பசி தெரியாமல் இருக்கவும் பாக்கும் மாவாவும் அடக்கிப் பழகியவர்கள்.

காரம் பட்டால் எரிகிறது என்பதில்தான் ஆரம்பிக்கும். வயிற்றுச் சூடு, வாய்ப்புண் என்று மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுச் சில மாதம் ஓட்டுவார்கள். அதற்குள் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, சதைக்குள் நார் நாராக இறுகிவிடும். பிறகு சாதத்தைக் குழையப் பிசைந்து, உதட்டைத் தாண்டித் தள்ளித்தான் சாப்பிட முடியும். பாக்கில் இருக்கும் சரக்குதான் இதற்கு முதல் காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கே இதைச் செய்யும். அன்றைக்கே பாக்கை நிறுத்தினால் நோயை அங்கேயே பிடித்து நிறுத்தலாம். இறுகிய சதை பழையபடி இளகாது. சிலருக்கு இதிலிருந்துதான் வாய்ப்புற்று கிளம்புகிறது. உலகத்தில் வாய்ப்புற்று வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் முற்றிய பிறகே மருத்துவரிடம் போகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. பெட்டிக்கடையில் அது எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அது தனிக் கதை.

இந்த வாயைப் பார்த்ததும் நோயின் கட்டம் எது என்று கணிக்கவும், சந்தேகப்படும் இடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் சதை எடுத்து ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்பவும், மைக்ராஸ்கோப்பில் வைத்து இது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவும், அந்த மில்லுக்கே போய் இன்னும் எத்தனை பேர் வாய் இறுகிக் கிடக்கிறது என்று கணக்கெடுக்கவும் பல் மருத்துவத்தில் தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. வாய் மருத்துவமும் கதிரியக்கமும் ஒன்று. வாய் நோய்க்கூறியல் ஒன்று. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் ஒன்று. மாணவர்கள் வாயில் இவை ஓ.எம்.ஆர்., ஓரல் பேத், கம்யூனிட்டி. மூன்றும் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டத்துக்கு உரிய துறைகள். வாயே திறக்காத மனிதர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், நாடு முழுக்கக் கலந்தாய்வு முடிந்த பிறகும் வருஷா வருஷம் ஆள் சேராமல் மிஞ்சுகிற எம்.டி.எஸ். இடங்களில் இந்த மூன்று துறைகள்தான் முன்னால் நிற்கின்றன.

எப்படி இது நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், 'பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

பி.டி.எஸ். ஐந்து வருஷம், அதில் கடைசி வருஷம் பயிற்சி மருத்துவர். ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்ட பி.டி.எஸ். இடங்கள் உள்ள நாட்டில் எம்.டி.எஸ். இடங்கள் ஆறாயிரத்துச் சொச்சம். அதற்கு நீட் எம்.டி.எஸ். எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 240 கேள்விகள். சரியான பதிலுக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று போகும். மொத்தம் 960. இந்தத் தேர்வுக்காகவே ஒரு வருஷம், இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்கள்தான் அதிகம். ரேங்க் வந்ததும் ஒன்பது துறைகளில் எதை எடுப்பது என்ற பேச்சு தொடங்கும். பல் சீரமைப்பு, அதாவது நாம் கிளிப் போடுவது என்கிற ஆர்த்தோ. வேர் சிகிச்சை பார்க்கும் எண்டோ. முகத்தாடை அறுவை சிகிச்சை. இவை மேலே இருக்கும் ரேங்க்காரர்களோடு போய்விடும். செயற்கைப் பல், ஈறு, குழந்தைப் பல் ஆகியவை அடுத்து. கடைசியில் நிற்பவை நாம் மேலே பார்த்த மூன்றும்.

ஒரு மாணவியின் அப்பா, கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னிடம் கேட்டது இது: "சார், ஆர்த்தோ படிச்சா வாடகைக்கு ஒரு ரூம் எடுத்து கிளினிக் போட்டுக்கலாம். ஓரல் பேத் படிச்சுட்டு எம்பொண்ணு எங்க போய் போர்டு மாட்டுவா? யாராவது தெருவில போறவங்க, 'இந்தாம்மா, என் சதையைக் கொஞ்சம் மைக்ராஸ்கோப்ல பாரு'ன்னு வருவாங்களா?" அவரிடம் சேவையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இடம் காலியாகக் கிடக்கிறது என்றதும் டெல்லிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், தகுதி மதிப்பெண்ணை இறக்குவது. பொதுப் பிரிவுக்கு 50 பெர்சன்டைல் என்பது விதி. 2024-ல் அது 28.308-க்கு இறங்கியது. இறக்கினால் பட்டியலில் பெயர்கள் கூடும், அவ்வளவுதான். வேலை இல்லாத படிப்பில் சேர, கீழ் ரேங்க்காரருக்கு மட்டும் என்ன ஆசை? சேர்ந்தாலும் அடுத்த நீட் வரைக்கும் ஒதுங்க ஒரு திண்ணையாகத்தான் அதை எடுத்துக்கொள்வார். இப்படி இறக்குவதில் தனியார் கல்லூரிகளின் காலி இருக்கைகள் நிரம்புகின்றன என்பதைத் தவிர வேறு பலனை நான் பார்க்கவில்லை.

பை நிறையக் கருவி, பாக்கெட் நிறையக் கடன்

பிரபலத் துறை கிடைத்தவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அங்கேதான் பணக்கணக்கு ஆரம்பமாகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முப்பது பல் மருத்துவக் கல்லூரிகள் இருந்தும் அரசுக் கல்லூரிகள் மூன்றே மூன்று. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி, இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் சென்னைக் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து அரசின் சுகாதாரத் துறைக்கு வந்த சிதம்பரம் கல்லூரி. 2023 நவம்பரில் 50 பி.டி.எஸ். இடங்களோடு திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி. அரசு மருத்துவக் கல்லூரிகள் 36 வைத்திருக்கிறோம் என்று மார்தட்டும் மாநிலத்துக்கு இது கொஞ்சம் கூச்சம் தர வேண்டிய எண்ணிக்கை. புதுக்கோட்டையில் முதுநிலை வர இன்னும் காலமாகும். மற்ற இரண்டிலும் இருக்கும் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதிக்குத்தான் கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு.

அரசுக் கல்லூரி தவறியவர்களுக்கு சுயநிதி, அல்லது நிகர்நிலை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆர்த்தோ, எண்டோ போன்ற துறைகளுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம், சில இடங்களில் அதற்கும் மேல். மூன்று வருஷத்துக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். அடமானம் என்றால் நடுத்தர வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: குடியிருக்கும் வீடு.

கட்டணத்தைக்கூட ரசீதில் பார்க்கலாம். ரசீதில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு எண்டோ மாணவியின் தோள்பையைத் திறக்கச் சொன்னேன். நெருங்கிப் பார்க்க உதவும் லூப் கண்ணாடி, அதன் பெட்டியோடு. கைப்பிடியளவு எண்டோ மோட்டார். வேரின் நுனி எங்கே என்று பீப் அடித்துச் சொல்லும் அபெக்ஸ் லொக்கேட்டர். வேர்க்குழாயைச் சீவும் ரோட்டரி ஃபைல்கள் அட்டையில் குத்திவைத்தபடி. நிறத்தை வைத்து அளவு தெரியும். "இது நாலு பல்லுக்கு மேல தாங்காது. உள்ளேயே முறிஞ்சா நம்ம கதி அவ்வளவுதான். பயந்துக்கிட்டே புதுசு வாங்கிடுவோம்" என்றார். பையின் பக்கவாட்டு அறையில் ஒரு ஜாம் பாட்டில். உள்ளே உப்புநீரில் மிதக்கும் மனிதப் பற்கள். நோயாளியைத் தொடும் முன் பழகிப் பார்க்க, ஊரிலுள்ள கிளினிக்குகளில் பிடுங்கிப் போடும் பற்களைச் சொல்லிவைத்து வாங்கி வந்தது. பல்லைத் தவிர அந்தப் பையில் இருந்த எல்லாமே சொந்தக் காசு. கல்லூரி ஸ்டோரில் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் பார்த்தாலே ஃபைல் முறிகிற தரத்தில் ஒன்றை நீட்டுவார்கள்.

அடுத்தது கேஸ். பட்டம் வாங்க இத்தனை நோயாளிக்கு இத்தனை சிகிச்சை முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதில் தப்பில்லை, செய்து பழகாத கை எதற்கு உதவும்? கேஸ் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பஸ் வசதி இல்லாத இடத்தில் கல்லூரியைக் கட்டிவிட்டு, சிகிச்சைக்கும் கட்டணம் போட்டால் நோயாளி ஏன் வருகிறார்? வரவைப்பது மாணவரின் பொறுப்பாகிவிடுகிறது. ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, கிரவுன் கட்டும் லேப் செலவு, ஆட்டோ காசு எல்லாம் மாணவர் கணக்கில். ஆர்த்தோவில் ஒரு கேஸ் முடிய ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். முதல் வருஷமே கேஸ் ஆரம்பித்தால்தான் மூன்றாம் வருஷம் காட்ட முடியும். நடுவில் நோயாளி கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டால், கம்பியும் ப்ராக்கெட்டுமாக அந்தப் பெண்ணைத் தேடி மாமியார் வீட்டுக்கே போன மாணவர் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கேட்கிறபோது நமக்கும் சிரிப்புதான் வருகிறது. சிகிச்சைக்குப் பணம் தருகிறவர் மருத்துவர், பெற்றுக்கொள்கிறவர் நோயாளி என்றால், 'இந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்யாமல் சும்மா விட்டாலே போதும்' என்று அங்கே யார் சொல்வார்கள் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் எம்.டி.எஸ். முழுநேரப் படிப்பு. காலையில் ஓ.பி., மதியம் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ராத்திரி ஆய்வேடு. முதல் வருஷ முடிவில் அடிப்படை அறிவியல் தேர்வு, மூன்றாம் வருஷ முடிவில் முதன்மைத் தேர்வு. வெளியே கிளினிக் பார்க்கக் கூடாது. கல்லூரி மருத்துவமனையின் வேலையை அநேகமாகத் தூக்கி நிறுத்துவது இந்த முதுநிலை மாணவர்கள்தான். அரசுக் கல்லூரியில் அதற்கு மாத உதவித்தொகை வருகிறது. தனியாரில் படிக்கிறவர்களைக் கேட்டால் பதில் பலவிதம்: கொடுப்பதே இல்லை, கொடுப்பதாகக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள், வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்குகிறார்கள். புகார் செய்ய வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே கல்லூரியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

படித்து முடித்து வெளியே வரும்போது வயது இருபத்தெட்டு. தனியார் கிளினிக்கில் மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம். அல்லது ஊர் ஊராகப் போய் கேஸுக்கு இவ்வளவு என்று பார்க்கும் கன்சல்டன்ட் ஓட்டம். முகத்தாடை அறுவை படித்தவர்கள் முடி நடும் மையங்களில் வேலை பார்க்கிறார்கள். நொறுங்கிய தாடையை டைட்டானியம் தகடு வைத்துச் சேர்க்கப் பழகிய கை அது.

பணியிடம் என்ற முடிச்சு

கட்டணக் கொள்ளையைப் பற்றிப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகின்றன, எழுதத்தான் வேண்டும். என் கணிப்பில் முடிச்சு அதற்கும் முன்னால் விழுந்திருக்கிறது. எம்.டி.எஸ். முடித்தவருக்கு அரசு என்ன வேலை வைத்திருக்கிறது?

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் உதவிப் பல் மருத்துவர் பணிக்குத் தகுதி பி.டி.எஸ். எம்.டி.எஸ். முடித்தவரும் அதே வரிசையில் நின்று, அதே தேர்வு எழுதி, அதே நாற்காலியில் உட்கார வேண்டும். ஆசிரியர் பணி வேண்டுமென்றால் மூன்று அரசுக் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எலும்புக்கு, கண்ணுக்கு, காது மூக்கு தொண்டைக்கு, மகப்பேறுக்குத் தனித்தனி நிபுணர் பணியிடம் உண்டு. வாய்க்கு 'பல் டாக்டர்' என்று ஒருவர். அவருடைய நாள் பல் பிடுங்குவதிலும் மருந்துச் சீட்டு எழுதுவதிலும் தீர்ந்துபோகும். சில ஊர்களில் அந்த நாற்காலியில் எம்.டி.எஸ். படித்தவரே இருப்பார். ஊர்க்காரர்களின் அதிர்ஷ்டம் அது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவர் வேறு துறையாக இருப்பார், அல்லது துறையே இல்லாதவராக இருப்பார். போனவர் வாங்கிப் போட்ட கருவி மூலையில் கிடக்கும்.

இந்தப் பற்றாக்குறைக்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்று பார்க்க தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போகலாம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது. மீறிய தண்ணீரைச் சிறு வயதில் குடித்தால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லிலேயே கறை விழுந்துவிடும். முளைக்கும்போதே பழுப்புக் கோடும் குழியுமாக முளைக்கும், துலக்கினால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு போட்டு 2013-ல் தண்ணீர் விட்டார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. நல்ல திட்டம். தண்ணீர் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளின் நிரந்தரப் பல் எப்படி இருக்கிறது, எந்த ஊரில் குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய போர்வெல்லுக்கே திரும்பியிருக்கிறார்கள் என்பதை வகுப்பறைக்குள் போய் ஒவ்வொரு வாயாகப் பார்த்து அளவுகோல் வைத்துப் பதிகிற வேலை யாருடையது? பொதுச் சுகாதாரப் பல் மருத்துவர்களுக்கு மூன்று வருஷமும் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொசுவைக் கணக்கெடுக்க ஆள் உண்டு. இவருக்கு நாற்காலி இல்லை. பள்ளிப் பரிசோதனைத் திட்டத்தில் சொத்தைப் பல்லும் பிளந்த உதடும் பட்டியலில் இருக்கின்றன. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். எழுதிய பிள்ளையை அனுப்பிவைக்கக் குழந்தைப் பல் நிபுணர் மாவட்டத்தில் அரசு வேலையில் இல்லை.

விபத்துக்கும் இதே கதிதான். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர் பிழைக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஹெல்மெட் போடாமல் பைக்கில் போய் விழுகிறவர்களுக்குத் தாடை முறிவது சகஜம். தலைக்காயமும் தொடையெலும்பும் முதலில் கவனிக்கப்படும், அதுதான் முறை. தாடை நிபுணர் இல்லாத ஊரில் அது கடைசிவரை கவனிக்கப்படாமலே போகிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி கடித்துச் சேரும்படி எலும்பைப் பொருத்த வேண்டும். அதற்குக் காலம் கடத்தக் கூடாது. கோணலாக ஒட்டிக்கொண்ட தாடையோடு வீட்டுக்கு வந்தவர் முறுக்கைக் கடிக்க முடியாமல், பாதி முகம் ஏறி இறங்கி, ஆறு மாதம் கழித்து எலும்பை மறுபடி உடைத்துச் சேர்க்க சென்னைக்கு அலைகிறார். அதே ஊரில் முகத்தாடை எம்.டி.எஸ். படித்தவர் ஒருவர் சொந்த கிளினிக்கில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

மாற முடியாத விஷயமா இது? சிதம்பரத்தில் மாறியிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2013-ல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நிர்வாகம் அரசுடையது, கட்டணம் மட்டும் பழைய லட்சக் கணக்கு. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், இளநிலையும் முதுநிலையுமாக, 2020 டிசம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டு பார்த்த அதே வெள்ளைக் கோட்டோடு, குளிரிலும் மழையிலும் வாரக் கணக்கில். விடுதியை மூடிய பிறகும் எழவில்லை. 2021 ஜனவரி கடைசியில் கல்லூரிகள் சுகாதாரத் துறைக்கு மாறின. பிப்ரவரியில் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு என்ன கட்டணமோ அதுவே இங்கும் என்று ஆணை வந்தது. லட்சங்கள் ஆயிரங்களாக இறங்கின. கஜானா கவிழ்ந்துவிடவில்லை.

ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்கலாம். முதலில் பணியிடம். மாவட்டத்துக்கு ஒரு முகத்தாடை அறுவை நிபுணர், ஒரு வாய் மருத்துவ நிபுணர், ஒரு குழந்தைப் பல் நிபுணர். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நோய்க்கூறியல் துறையில் ஒரு வாய் நோய்க்கூறியலாளர். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒரு பொதுச் சுகாதாரப் பல் மருத்துவர். 38 மாவட்டத்துக்கும் கூட்டினால் இருநூறு பேர்கூடத் தேறாது. மொத்தமாக முடியாதென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலத்தில் தொடங்கட்டும். 2014-லிருந்து தேசிய வாய்நலத் திட்டம் என்று ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது. பல் பிரிவுக்குக் கருவிக்கும் ஆளுக்கும் அதில் நிதி கேட்க வழி உண்டு. கேட்டு வாங்குவது மாநிலத்தின் சாமர்த்தியம். பணியிடம் வந்துவிட்டால், ஆள் சேராத மூன்று துறைகளில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டி, அதற்குப் பதிலாக ஐந்து வருஷம் மாவட்டத்தில் வேலை பார்க்க எழுதி வாங்கலாம். தகுதி மதிப்பெண்ணை இறக்காமலே இருக்கை நிரம்பும்.

கட்டணத்துக்குச் சட்டமே இருக்கிறது. 1948-ன் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் வந்த தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களுக்குக் கட்டண நெறிமுறை வகுக்கும் பொறுப்பை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதைச் செயல்படுத்த வைக்க வேண்டும். மாநிலக் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளோடு நின்றுவிடுகிறது. நிகர்நிலைகள் அதன் கைக்கு எட்டாமல் இருப்பதை டெல்லியில் பேசித் தீர்க்க நமக்கு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். நிர்ணயிக்கும்போது கல்விக் கட்டணத்தோடு கருவி, பொருள், லேப் செலவையும் சேர்த்து ஒரே தொகையாக அறிவிக்க வேண்டும். பிற்பாடு ஒரு ரூபாய்கூட மாணவர் தலையில் விழக் கூடாது. முதுநிலைப் பயிற்சிக்கு வரும் நோயாளியிடமோ அவருக்காக மாணவரிடமோ பணம் வாங்கும் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு இடம் குறையும் என்று விதி செய்தால் இந்த நாடகம் ஒரே வருஷத்தில் நிற்கும். உதவித்தொகை யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் போனது என்பதை மாதாமாதம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாக வெளியிடட்டும். புகாரை மாணவர் பெயரில் வாங்காமல், கணக்கைக் கல்லூரியிடம் கேட்பதுதான் முறை.

இவற்றில் கடைசி இரண்டுக்கும் பணமே வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். பணியிடத்துக்கு மட்டும் நிதித்துறை தலையசைக்க வேண்டும். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வருஷா வருஷம் வருகிறது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் மருத்துவத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எம்.டி.எஸ். தகுதி கேட்பவை எத்தனை, இன்று காலியாக இருப்பவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்றே வரி எழுதிப் போடுங்கள். பதில் வந்ததும் அதை நகல் எடுத்து, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் கையில் கொடுத்துவிடுங்கள்.